என்புமச்சை ஒட்டின் தரம்: எந்த எண்ணை, எந்த நேரத்தில் பார்ப்பது?

கரையோரன் (வெள்ளவத்தை)

வணக்கம். என் தங்கைக்கு ஏப்பிளாஸ்டிக் அனீமியா (மச்சை போதிய குருதிக் கலங்களை உருவாக்காத நோய்) இருப்பது உறுதியாகி, எச்.எல்.ஏ. எனப்படும் கல மேற்பரப்புப் புரதங்களின் பொருத்தப் பரிசோதனையில் நான் முழுமையாகப் பொருந்துவதாக முடிவு வந்திருக்கிறது. கையில் ஊசி ஏற்றி இயந்திரத்தின் மூலம் மூலக்கலங்களை (குருதியை உருவாக்கும் கலங்களை) பிரித்தெடுக்கும் முறையை விட்டு, மயக்கமருந்து கொடுத்து என் இடுப்பு எலும்பிலிருந்தே மச்சையை எடுத்து அவளுக்கு ஒட்டாக ஏற்றப்போவதாகக் குருதியியல் நிபுணர் விளக்கினார். என் நிறை 72 கிலோ, தங்கையின் நிறை 48 கிலோ. என் குருதி வகை ஏ பொசிற்றிவ், அவளுடையது ஓ பொசிற்றிவ்.

எடுத்த மச்சை நல்லதா என்பதை யார், எப்போது, எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்பதே என் கேள்வி. இணையத்தில் தேடினால், "சீ.டி.34 கலங்கள் கிலோவுக்கு 20 இலட்சத்துக்கு மேல் இருந்தால் போதும்" என்ற ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வருகிறது. எங்களுக்குத் தரப்பட்ட விளக்கத் தாளிலோ "கிலோவுக்கு 30 கோடி" என்று இருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லையே. வைத்தியரிடம் கேட்கலாம்தான், ஆனால் கிளினிக்கில் கிடைக்கும் சில நிமிடங்கள் தங்கையின் குருதிச் சிறுதட்டுக் கணக்கைப் பேசவே போதாமல் இருக்கின்றன. எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போக விரும்புகிறேன்.

நுணுக்குக்காட்டி (மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், கொழும்பு)

தம்பி, அந்த இரண்டு எண்களும் முரண்படவில்லை. இரண்டும் வெவ்வேறு கலங்களின் எண்ணிக்கை. 30 கோடி என்பது மச்சைப் பையில் உள்ள கருவுள்ள கலங்கள் எல்லாவற்றையும் சேர்த்த கணக்கு. அவற்றுள் பெரும்பாலானவை முதிர்ந்த வெண்குழியங்களும் முதிர்ந்துகொண்டிருக்கும் கலங்களுமே. நல்ல மச்சையில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றுதான் சீ.டி.34 என்ற அடையாளத்தை மேற்பரப்பில் தாங்கிய ஆரம்பநிலைக் கலம். ஆகவே கிலோவுக்கு 30 கோடி என்றால் அதனுள் கிலோவுக்கு ஏறத்தாழ 30 இலட்சம் சீ.டி.34 கலங்கள் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். உங்களிடமிருந்து எடுப்பதை உங்கள் நிறையால் வகுக்க மாட்டார்கள்; தங்கையின் நிறையால் வகுப்பார்கள் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் எண்களையே வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 48 கிலோவுக்கு, கிலோ ஒன்றுக்கு 30 கோடி வீதம், மொத்தம் 1440 கோடி கலங்கள் தேவை. நன்றாக உறிஞ்சியெடுத்த மச்சையில் ஒரு மில்லிலீற்றருக்கு 2 கோடி அளவில் கலங்கள் இருக்கலாம். அப்படியானால் 720 மில்லிலீற்றர் போதும். அது உங்கள் நிறையில் கிலோவுக்கு 10 மில்லிலீற்றர். கொடையாளியின் பாதுகாப்புக்காகக் கிலோவுக்கு 20 மில்லிலீற்றருக்கு மேல் எடுப்பதில்லை என்பதால், உங்களுக்கு உச்ச வரம்பு 1440 மில்லிலீற்றர். ஆனால் மச்சையோடு குருதி கலந்து, மில்லிலீற்றருக்கு 1.2 கோடிதான் வருகிறது என்று வையுங்கள். அப்போது அதே 1440 கோடிக்கு 1200 மில்லிலீற்றர் எடுக்க வேண்டிவரும். வரம்புக்குள்தான் இருக்கிறது, ஆனாலும் உங்கள் ஹீமோகுளோபின் அதற்கேற்ப இறங்கும்.

குருதி கலப்பது பெரும்பாலும் எடுக்கும் கையைப் பொறுத்தது. ஊசி எலும்புக்குள் இறங்கிய பின் சிரிஞ்சைச் சட்டென்று இழுக்கும்போது முதல் சில மில்லிலீற்றர்களில் மச்சை வரும். அதே இடத்தில் தொடர்ந்து இழுத்தால் எலும்பினுள் ஓடும் குருதிதான் சிரிஞ்சை நிறைக்கும். அதனால் ஓர் இழுவையில் 5 மில்லிலீற்றருக்கு மேல் எடுக்காமல், ஊசியைத் திருப்பி, ஆழத்தை மாற்றி, அடுத்த இடத்துக்குப் போவார்கள். தோலில் தெரியும் துளைகள் சிலவே என்றாலும், எலும்பில் நூற்றுக்கு மேற்பட்ட இழுவைகள் நடந்திருக்கும். இரண்டு பேர் இடமும் வலமுமாக நின்று எடுப்பது வழக்கம். ஒவ்வொரு சிரிஞ்சும் ஹெப்பரின் போன்ற உறைவுதடுப்பு மருந்தால் அலசப்பட்டிருக்க வேண்டும். ஒரு கட்டி உறைந்தாலும் அதற்குள் சிக்கிய கலங்கள் வடிகட்டியிலேயே நின்றுவிடும்.

இனி உங்கள் "எப்போது" என்ற கேள்வி. என் அபிப்பிராயத்தில் இதுதான் முக்கியமானது. சேகரிப்பு பாதி நடந்திருக்கும்போது, பையை நன்றாகக் கலக்கிச் சிறு மாதிரி ஒன்றை எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். சாதாரண குருதிக் கல எண்ணும் இயந்திரமே சில நிமிடங்களில் விடை தந்துவிடும். 400 மில்லிலீற்றர் எடுத்த நிலையில் இயந்திரம் 16.0 (மைக்ரோலீற்றருக்கு ஆயிரங்களில்) என்று காட்டுகிறது என்றால், மில்லிலீற்றருக்கு 1.6 கோடி, இதுவரை 640 கோடி, இன்னும் 800 கோடி வேண்டும், ஆகவே மேலும் 500 மில்லிலீற்றர் எடுக்க வேண்டும். அந்தத் தொலைபேசி அழைப்பு தியேற்றருக்குப் போகும்போது கொடையாளி இன்னமும் மேசையில் குப்புறப் படுத்திருப்பார். திருத்தம் செய்யக்கூடிய கடைசிச் சந்தர்ப்பம் அதுதான்.

கேள்விக்குறி

நுணுக்குக்காட்டி அக்காவின் விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஆனால் கருவுள்ள கலங்களை மொத்தமாக எண்ணுவது சென்ற நூற்றாண்டின் முறை அல்லவா? 1984 இல் சீ.டி.34 கண்டறியப்பட்டது. 1996 இல் அதை எண்ணுவதற்கான இஷேஜ் நெறிமுறை வந்துவிட்டது. குருதியை உருவாக்கப்போகும் கலத்தை நேரடியாக எண்ண முடிகின்ற காலத்தில், நியூத்திரோபில், நிணநீர்க்குழியம் போன்ற மற்ற வெண்குழியங்களையும் சேர்த்து எண்ணி அதைத் தரம் என்று சொல்வது ஏன்? குருதி நிறையக் கலந்த பையில்கூட முதிர்ந்த வெண்குழியங்களால் மொத்த எண் கூடித் தெரியலாமே?

மாலைநேர மருத்துவன் (ஓய்வுபெற்ற குருதியியல் நிபுணர்)

கேள்விக்குறி எழுப்பிய ஐயம் நியாயமானது. மொத்தக் கல எண்ணிக்கை ஒரு தோராய அளவுகோல்தான். ஆனால் அதைக் கைவிடாததற்கு இரண்டு காரணங்கள் உள்ளன.

முதலாவது காரணத்தை நுணுக்குக்காட்டியே சொல்லிவிட்டார்: நேரம். ஃபுளோ சைட்டோமீற்றரில் (கலங்களை ஒவ்வொன்றாக ஒளிக்கற்றையின் முன் ஓடவிட்டு எண்ணும் இயந்திரத்தில்) சீ.டி.34 எண்ணுவதற்கு நிறமேற்றிய எதிருடல்களைச் சேர்த்து, காத்திருந்து, செங்குழியங்களைச் சிதைத்து, இயந்திரத்தில் ஓட்டி, முடிவைப் பகுத்தறிய வேண்டும். மயக்கத்தில் இருக்கும் கொடையாளியை அதுவரை காத்திருக்க வைக்க முடியாது.

இரண்டாவது காரணம் இந்தத் தம்பியின் தங்கைக்கு நேரடியாகப் பொருந்துவது. 1977 இல் சியாட்டில் குழுவினர் ஏப்பிளாஸ்டிக் அனீமியா நோயாளிகளில் ஒட்டு நிராகரிக்கப்படுவதற்கான காரணங்களை ஆராய்ந்தபோது, கிலோவுக்கு 30 கோடிக்குக் குறைவான மச்சைக் கலங்களைப் பெற்றவர்களிடம் நிராகரிப்பு கூடுதலாக இருந்ததைக் கண்டார்கள். இந்த நோயில் நிராகரிப்பு பெரிய கவலை, ஏனென்றால் நோயாளி ஏற்கெனவே பல தடவை குருதியும் சிறுதட்டும் ஏற்றியிருப்பார், அவருடைய எதிர்ப்புச்சக்தி அந்நியக் கலங்களை அடையாளம் காணப் பழகியிருக்கும். அன்று சீ.டி.34 என்ற பெயரே இல்லை. 30 கோடி என்ற அளவு அந்த அனுபவத்திலிருந்து வந்தது, இன்றும் பயன்படுகிறது. இரத்தப் புற்றுநோய்க்குச் செய்யும் மாற்றுச் சிகிச்சையில் 20 கோடி வரை இறங்கிப்போகச் சம்மதிப்பவர்கள்கூட, ஏப்பிளாஸ்டிக் அனீமியாவில் 30 கோடிக்குக் குறையாமல் பார்த்துக்கொள்வார்கள்.

ஒட்டில் மூலக்கலங்கள் மட்டும் போவதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சுற்றோட்டக் குருதியிலிருந்து இயந்திரம் மூலம் எடுக்கும் ஒட்டில் மச்சையில் இருப்பதைவிட ஏறத்தாழ பத்து மடங்கு ரீ நிணநீர்க்குழியங்கள் உண்டு. கொடையாளியின் இந்தக் கலங்கள் நோயாளியின் தோல், குடல், ஈரல் ஆகியவற்றைத் தாக்குவதைத்தான் ஜீ.வீ.எச்.டி. என்கிறோம். 2012 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், உறவினரல்லாத கொடையாளிகளிடமிருந்து பெற்ற இரண்டு வகை ஒட்டுகளையும் ஒப்பிட்டார்கள். உயிர்பிழைத்தலில் வேறுபாடு இல்லை. ஒட்டுத் தோல்வி மச்சையில் நூற்றுக்கு 9, சுற்றோட்டக் குருதியில் நூற்றுக்கு 3. நாட்பட்ட ஜீ.வீ.எச்.டி.யோ மச்சையில் நூற்றுக்கு 41, சுற்றோட்டக் குருதியில் நூற்றுக்கு 53. புற்றுநோயில் இந்த ரீ கலங்கள் எஞ்சிய புற்றுக்கலங்களையும் அழிக்கும் என்ற ஓர் இலாபம் இருக்கிறது. ஏப்பிளாஸ்டிக் அனீமியாவில் அழிப்பதற்குப் புற்றுக்கலமே இல்லை; நட்டம் மட்டுமே மிஞ்சும். உங்கள் வைத்தியர் இடுப்பு எலும்பைத் தெரிவு செய்ததற்கான காரணம் இதுவாகவே இருக்க வேண்டும். சீ.டி.34 எண்ணை மட்டும் பார்த்துத் தரத்தை முடிவு செய்தால் சுற்றோட்டக் குருதி ஒட்டே எப்போதும் வெல்லும், ஆனால் இந்த நோயாளிக்கு அது பொருத்தமான ஒட்டு இல்லை.

நுணுக்குக்காட்டி

டொக்டர் சொன்னதோடு ஆய்வுகூடத்தின் பக்கத்திலிருந்து ஒன்றைச் சேர்க்கிறேன். சீ.டி.34 எண்ணை ஏதோ தராசில் நிறுத்த நிறை போல எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். உண்மையில் அது திரையில் நாம் வரையும் எல்லைக் கோடுகளுக்குள் விழுகின்ற புள்ளிகளின் எண்ணிக்கை. இஷேஜ் முறையில் முதலில் சீ.டி.45 என்ற இன்னோர் அடையாளம் உள்ள வெண்குழியங்களைத் தெரிவு செய்கிறோம், அவற்றுள் சீ.டி.34 பிரகாசமாக உள்ளவற்றை எடுக்கிறோம், அவற்றுள்ளும் சீ.டி.45 மங்கலாகவும் கலத்தினுள் துகள்தன்மை குறைவாகவும் உள்ள கூட்டத்தை மட்டும் வைத்துக்கொள்கிறோம். இத்தனை படிகள் இருப்பதே எதேச்சையாக நிறம் ஒட்டிக்கொண்ட கலங்களையும் சிதைவுகளையும் விலக்கத்தான். கடைசியில் குறைந்தது 100 புள்ளிகளாவது சேர வேண்டும். 100 புள்ளிகள் என்றால் தற்செயல் வழு மட்டுமே நூற்றுக்கு பத்து. 25 புள்ளிகளை வைத்து அறிக்கை எழுதினால் வழு நூற்றுக்கு 20. அறிக்கையில் தசம தானத்துடன் அச்சாகும் எண்ணுக்குப் பின்னால் இந்தத் தளர்வு இருக்கிறது.

இன்னொன்று, எண்ணிய கலம் உயிருடன் இருந்ததா என்பது. 7-ஏஏடீ என்ற சாயம் மென்சவ்வு சிதைந்த கலத்துக்குள் மட்டும் புகும். அதைச் சேர்த்து ஓட்டினால் இறந்தவற்றைக் கழித்து உயிருள்ள சீ.டி.34 கலங்களை மட்டும் எண்ணலாம். ட்ரிப்பான் புளூ சாயத்தை இட்டு நுணுக்குக்காட்டியில் பார்ப்பது பழைய முறை. அது எல்லாக் கலங்களினதும் பொதுவான உயிர்த்தன்மையைக் காட்டும், சீ.டி.34 கலங்களின் நிலையைத் தனியாகச் சொல்லாது. எடுத்த அன்றே ஏற்றப்படும் மச்சையில் இது பெரிய பிரச்சினையாக வருவதில்லை. ஆனால் எடுக்கும் கட்டடம் ஒன்று, எண்ணும் கட்டடம் வேறு என்றால், பாதி வழியில் மாதிரி காலி வீதி நெரிசலில் நிற்கும் நேரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். அதைக் கொழும்பில் வேலை செய்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மொத்தக் கல எண்ணிலும் பொறி உண்டு. மச்சையில் கருவுள்ள செங்குழிய முன்னோடிகள் நிறைய இருக்கும். கொழுப்புத் துளிகளும் மிதக்கும். பையைச் சரியாகக் கலக்காமல் மேலிருந்து மாதிரி எடுத்தால் கொழுப்பு கூடவும் கலங்கள் குறைவாகவும் வரும். அதனால் இயந்திரத்தின் எண்ணோடு ஒரு கண்ணாடித் தகட்டுப் பூச்சையும் பார்ப்பது என் வழக்கம். அதில் மெகாகரியோசைற்றுகளும் (சிறுதட்டுகளை உருவாக்கும் பெரிய கலங்கள்) பல படிநிலைகளில் உள்ள கலங்களும் தெரிந்தால் மச்சை. முதிர்ந்த நியூத்திரோபில்களே நிறைந்திருந்தால் பெரும்பாலும் குருதி. கேள்விக்குறி கேட்ட "குருதி கலந்தால் எண் கூடித் தெரியாதா" என்பதற்கு இதுவே விடை: சாதாரண குருதியின் வெண்குழிய எண்ணிக்கை அதே அலகில் 4 முதல் 11 வரை, பையின் எண் அதை நோக்கி இறங்கத் தொடங்கினால் எதை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது விளங்கிவிடும்.

தெஹிவளை வாசகி

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவள் அல்லள். என் கணவருக்குப் பல்கிய மயலோமா என்ற மச்சைப் புற்றுநோய்க்காக அவருடைய கலங்களையே எடுத்து, உறைய வைத்து, பின் திருப்பி ஏற்றினார்கள். சேகரித்த அன்று தந்த அறிக்கையில் கிலோவுக்கு 46 இலட்சம் என்றும், ஏற்றிய பிறகு தந்த சுருக்கத்தில் 35 இலட்சம் என்றும் இருந்தது. எங்கே தொலைந்தது என்று கேட்டபோது "வழமையானதுதான்" என்ற ஒற்றைச் சொல்தான் கிடைத்தது. ஏற்றும்போது அறை முழுவதும் உள்ளிப் பூண்டு அவித்ததுபோல ஒரு மணம் எழுந்ததையும், அவருடைய மூச்சில் மறுநாள்வரை அது இருந்ததையும் எவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. இந்த இழையில் தெளிவாக எழுதுகிறீர்கள் என்பதால் கேட்கிறேன்: எந்த எண்ணை நம்ப வேண்டும்?

நுணுக்குக்காட்டி

அக்கா, அந்த மணம் டீ.எம்.எஸ்.ஓ. என்ற திரவத்தினுடையது. உறையும்போது கலத்தினுள் பனிப்படிகங்கள் உருவாகிச் சவ்வைக் கிழிக்காமல் இருக்க அதை ஏறத்தாழ நூற்றுக்கு 10 பங்கு அளவில் சேர்ப்பார்கள். உடலில் அதன் ஒரு பகுதி ஆவியாகக்கூடிய கந்தகச் சேர்வையாக மாறி மூச்சு வழியாக வெளியேறும். முன்கூட்டிச் சொல்லாதது அவர்களின் குறைதான். அது ஒரு நிமிட வேலை.

இரண்டு எண்களில், உறைய வைக்கும் முன் எடுத்த எண் சேகரிப்பு வெற்றியா என்பதைச் சொல்கிறது; உருக்கிய பின் எடுத்த எண் உடலுக்குள் போனது என்ன என்பதைச் சொல்கிறது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 பாகை செல்சியசு வீதம் மெதுவாகக் குளிர்வித்து, திரவ நைதரசனின் ஆவியில் வைத்து, ஏற்றும் நாளில் 37 பாகை நீர்த்தொட்டியில் விரைவாக உருக்குவார்கள். இந்த ஒவ்வொரு படியிலும் சில கலங்கள் போகும். 46 இலிருந்து 35 என்பது நூற்றுக்கு 76 மீண்டிருக்கிறது என்று பொருள். அதில் பயப்பட ஒன்றுமில்லை. குறைந்தபட்சம் என்று பொதுவாக ஏற்கப்படும் 20 இலட்சத்துக்கு மேலேதான் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான இடங்களில் உருக்கிய பின் எண்ணுவது பையிலிருந்து அல்ல. அதே நாளில் உறைய வைத்த ஒரு சிறு குப்பியிலிருந்து. சிறு குப்பி குளிரும் விதம் பெரிய பை குளிரும் விதத்தைப் போன்றதல்ல, ஆகவே குப்பியின் எண் சில வேளை பையின் நிலையைவிட மோசமாகத் தெரியும். குப்பியின் எண் தாழ்ந்திருப்பதை மட்டும் வைத்துப் பையைக் கைவிட மாட்டார்கள்.

2022 இல் நாளுக்குப் பல மணித்தியாலங்கள் மின்வெட்டு நடந்த நாட்களில் உறவினர்கள் பலரும் "கலங்கள் கெட்டுப்போகாதா" என்று பதறிக் கேட்டார்கள். திரவ நைதரசன் மறை 196 பாகையில் கொதிக்கும் திரவம்; தொட்டியை உரிய நேரத்தில் நிரப்பிக்கொண்டிருந்தால் அதற்கு மின்சாரம் தேவையில்லை. மறை 80 பாகை மின் குளிர்பதனியில் வைத்திருப்பவர்களுக்குத்தான் பிறப்பாக்கியும் டீசலும் கவலை.

கேள்விக்குறி

அப்படியானால் உண்மையான தரச் சோதனை கொலனி வளர்ப்புத்தானே? மெதைல்செலுலோசு என்ற கூழ்போன்ற ஊடகத்தில் கலங்களை இட்டு 14 நாட்கள் வளர்த்து, எத்தனை கொலனிகள் (ஒரே கலத்திலிருந்து பெருகிய கூட்டங்கள்) உருவாகின்றன என்று எண்ணினால், கலங்கள் இருக்கின்றனவா என்பது மட்டுமல்ல, வேலை செய்கின்றனவா என்பதும் தெரியும். மற்ற எல்லாமே தோற்றத்தைப் பார்ப்பவை. ஏன் அதை ஒருவரும் வலியுறுத்துவதில்லை?

மாலைநேர மருத்துவன்

கொள்கை அளவில் உங்களோடு உடன்படுகிறேன். செயற்பாட்டைக் காட்டும் சோதனை அது ஒன்றே. ஆனால் தங்கைக்கு ஏற்றப்போகும் மச்சையை நினைத்துப் பாருங்கள். காலையில் எடுத்தது மாலைக்குள் உள்ளே போய்விடும். 14 நாட்கள் கழித்து "கொலனிகள் குறைவு" என்று அறிக்கை வந்தால், அது ஏற்கெனவே நோயாளியின் உடலில் இருக்கும் ஒன்றைப் பற்றிய செய்தி. மச்சை ஒட்டில் நியூத்திரோபில்கள் மீள ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும் என்பதால், ஒரு சிறு முன்னறிவிப்பாக அது உதவலாம். முடிவை மாற்ற உதவாது. கொலனிகளைக் கண்ணால் எண்ணுவதில் ஆளுக்கு ஆள் வேறுபாடும் வரும்.

பல ஆண்டுகள் உறைந்து கிடக்கும் தொப்புள்கொடிக் குருதியில் நிலைமை முற்றிலும் வேறு. அங்கே அவகாசம் இருக்கிறது, கலங்களின் எண்ணிக்கை ஏற்கெனவே விளிம்பில் இருக்கிறது, ஒரு பையைத் தெரிவு செய்வதா இன்னொன்றையா என்ற கேள்வியும் உண்மையானது. அங்கே கொலனிச் சோதனையை வலியுறுத்துவேன். நெடுங்காலம் உறைந்திருந்த சுயகலப் பைகளுக்கும் அப்படியே. ஒவ்வொரு சோதனையைப் பற்றியும் நான் கேட்கும் முதல் கேள்வி, விடை வரும்போது எந்த முடிவு இன்னும் திறந்திருக்கிறது என்பதுதான்.

அந்தக் கண்ணோட்டத்தில் ஒரு கசப்பான உண்மையையும் தம்பிக்குச் சொல்ல வேண்டும். மச்சை எடுக்கும் நாளில் தங்கைக்கு முன்சிகிச்சை முடிந்திருக்கும். ஏப்பிளாஸ்டிக் அனீமியாவில் பொதுவாக, நோயாளியின் எதிர்ப்புச்சக்தியை அடக்க, நான்கு நாட்கள் சைக்ளோபொஸ்பமைட்டும் அதனுடன் ஏ.ரீ.ஜீ. என்ற எதிருடல் மருந்தும் கொடுப்பார்கள். அதன் பின் "ஒட்டு சரியில்லை, இன்னொரு நாள் பார்ப்போம்" என்று நோயாளியை வீட்டுக்கு அனுப்ப முடியாது. ஆகவே உங்கள் விடயத்தில் தரச் சோதனையின் பெரும்பகுதி அந்த நாளுக்கு முன்பே நடந்துவிடுகிறது: உங்கள் குருதி எண்ணிக்கை, தொற்றுநோய்ப் பரிசோதனைகள், உங்கள் உடல் மயக்கமருந்தைத் தாங்குமா என்பது. கூடப்பிறந்தவர்களில் எவருக்கும் அதே நோயின் மரபுவழி வடிவம் மறைந்திருக்கவில்லை என்பதை உறுதிப்படுத்துவதும் இதில் சேரும். அத்தகைய மரபுவழி நோயான ஃபன்கோனி அனீமியாவைத் தேடும் குரோமோசோம் முறிவுச் சோதனையைத் தங்கைக்குச் செய்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள். நோயாளிக்கு அது இருந்தால் முன்சிகிச்சையின் அளவே மாறும். கொடையாளியையும் சோதிக்க வேண்டியிருக்கும்.

குருதி வகையை யாரும் இன்னும் தொடவில்லை. தங்கை ஓ, நீங்கள் ஏ. அவளுடைய குருதியில் ஏ வகைக்கு எதிரான எதிருடல் இயல்பாகவே இருக்கிறது. இது மாற்றுச் சிகிச்சைக்குத் தடையில்லை, ஆனால் 900 மில்லிலீற்றர் மச்சையில் ஏறத்தாழ 250 மில்லிலீற்றர் உங்கள் செங்குழியங்கள் இருக்கும். அவற்றை அப்படியே ஏற்றினால் சிதைந்து ஆபத்து விளையலாம். ஆகவே ஏற்றுமுன் செங்குழியங்களைப் பிரித்து நீக்குவார்கள். நீக்கும்போது கருவுள்ள கலங்களும் ஓரளவு போகும். அந்த இழப்பை முன்கூட்டிக் கணித்துத்தான் தியேற்றரில் எவ்வளவு எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும். கணக்கில் நிற்க வேண்டிய எண் பிரித்தெடுத்த பின்னர் பையில் எஞ்சியிருப்பது. சேகரிப்பு முடிவில் எழுதிய எண் அல்ல. நோயாளியின் எதிருடல் செங்குழிய முன்னோடிகளைச் சில மாதங்கள் அடக்கிவைக்கலாம் என்பதால், வெண்குழியங்கள் மீண்ட பிறகும் செங்குழியம் ஏற்ற வேண்டிவந்தால் ஒட்டு தோற்றுவிட்டது என்று பதற வேண்டாம்.

தெஹிவளை வாசகி

டொக்டர், கிருமி பற்றியும் கேட்க விரும்பினேன். பையில் கிருமி வளர்ந்ததாக ஏற்றிய பிறகு சொன்னதாக எங்கள் பக்கத்து வார்ட்டில் ஒரு குடும்பம் கலங்கி நின்றது.

மாலைநேர மருத்துவன்

அம்மா, வளர்ப்புச் சோதனை முடிவதற்குப் பல நாட்கள் ஆகும். புதிய மச்சை அதுவரை காத்திருக்காது. தோலைத் துளைத்து எடுப்பதால், தோலில் இயல்பாக வாழும் ஸ்டஃபிலோகொக்கசு வகைகள் சில பைகளில் வளர்வது புதினமில்லை. அப்படி வந்தால் எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்த்து அன்ரிபயோற்றிக் கொடுப்பார்கள். பெரும்பாலும் நோயாளிக்குத் தீங்கின்றிக் கடந்துபோகும். அந்த ஒரு காரணத்துக்காக ஈடு செய்ய முடியாத ஒட்டை எறிந்துவிடுவதில்லை.

மட்டுறுத்துனர்

இந்த இழையில் தங்கள் உறவினரின் பெயர், வைத்தியசாலை இலக்கம், அறிக்கைப் படங்கள் ஆகியவற்றைப் பதிவேற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். இரண்டு படங்கள் நீக்கப்பட்டுள்ளன.

கரையோரன்

அனைவருக்கும் நன்றி. நேற்றுக் கிளினிக்கில் இவற்றையே வரிசையாகக் கேட்டேன். நடுவில் மாதிரி எடுத்து எண்ணுவார்கள் என்றும், செங்குழியத்தைப் பிரிப்பதற்கான ஏற்பாடு உண்டு என்றும், குரோமோசோம் முறிவுச் சோதனை ஏற்கெனவே செய்து இயல்பாக வந்திருக்கிறது என்றும் சொன்னார்கள். தங்கையின் எந்த நிறையால் வகுப்பார்கள் என்றும் கேட்டேன். ஸ்டீரொயிட் மருந்தால் அவளுக்கு உடல் சற்று ஊதியிருக்கிறது. உண்மையான நிறையையே எடுப்பதாகச் சொன்னார்கள்.

இன்னும் இரண்டு கேள்விகள் எஞ்சியிருக்கின்றன. அவளுக்குச் சிறுதட்டு தேவைப்படும் ஒவ்வொரு முறையும் அம்மாவும் நானும் நாரஹேன்பிட்டியில் உள்ள இரத்த வங்கிக்குப் போய் அவளுக்காகவே கொடுக்க விரும்புகிறோம், அதைச் செய்யலாமா? அடுத்தது, எல்லாம் செய்தும் எண் குறைந்தால் என்ன செய்வார்கள்?

நுணுக்குக்காட்டி

முதல் கேள்விக்கு: தயவுசெய்து வேண்டாம் தம்பி. மாற்றுச் சிகிச்சைக்கு முன் குடும்பத்தினரின் குருதியை ஏற்றினால், அவளுடைய உடல் குடும்பத்தினரின் கலங்களில் உள்ள, தன்னிடம் இல்லாத புரதங்களை முன்கூட்டியே எதிர்க்கப் பழகிவிடும். ஒட்டு நிராகரிக்கப்படும் வாய்ப்பு கூடும். முழுப் பொருத்தமுள்ள சகோதரனிடம்கூட சோதனையில் தெரியாத சிறு வேறுபாடுகள் உண்டு. அவளுக்கு வெண்குழியம் நீக்கிய, கதிரூட்டிய குருதிப் பொருட்களே கிடைக்க வேண்டும். அதை மட்டும் வார்ட்டில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அம்மா கொடுக்க விரும்பினால் பொதுவான கொடையாகக் கொடுக்கட்டும். அது வேறொரு நோயாளிக்குப் போகட்டும். நீங்கள் இப்போது உங்கள் ஹீமோகுளோபினைச் சேமித்து வைத்திருங்கள்.

மாலைநேர மருத்துவன்

இரண்டாவது கேள்விக்கு: நடுவில் எண்ணியபோதே குறைவு தெரிந்தால், கிலோவுக்கு 20 மில்லிலீற்றர் என்ற வரம்புவரை எடுப்பார்கள், பின்மேட்டில் போதாவிட்டால் இடுப்பு எலும்பின் முன்மேட்டுக்கும் போகலாம். அதன் பிறகும் 20 கோடிக்கும் 30 கோடிக்கும் இடையில் நின்றால், இருப்பதை ஏற்றிவிட்டுக் கூர்ந்து பார்ப்பார்கள். அந்த அளவிலும் பலருக்கு ஒட்டு பிடித்திருக்கிறது. அதற்கும் கீழே போனால், உங்களுக்கு அடுத்த நாட்களில் ஜீ.சீ.எஸ்.எஃப். (மூலக்கலங்களை மச்சையிலிருந்து குருதிக்குள் வரவைக்கும் மருந்து) ஊசி போட்டு, இயந்திரம் மூலம் கலங்களைச் சேகரித்துச் சேர்த்து ஏற்றுவது ஒரு வழி. ரீ கலங்கள் கூடும் என்ற விலையை அப்போது கொடுக்கத்தான் வேண்டும்.

ஒட்டு பிடித்த பிறகும் எண்ணிக்கை ஏறாமல் மந்தமாக இருந்தால், முதலில் மீண்ட கலங்கள் யாருடையவை என்பதைக் கொடையாளி–நோயாளி கலப்புச் சோதனையால் அறிவார்கள். முழுவதும் உங்களுடையவை என்றால், சீ.டி.34 கலங்களை மட்டும் தனியே பிரித்து, முன்சிகிச்சையின்றி மேலதிகமாக ஏற்றும் முறை இருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் உங்களை இரண்டாவது தடவை அழைக்க நேரிடும் என்பதால், முதற் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்திடும்போதே அதைப் பற்றிப் பேசிவிடுங்கள். தங்கை ஏற்றிய பின் முதல் இரண்டு மாதங்களுக்கு நீங்கள் வெளிநாட்டுப் பயணம் எதையும் வைத்துக்கொள்ளாமல் கொழும்பிலேயே இருப்பது நல்லது.